லீகல் பார்த்தாயிற்று, கணக்கு பார்க்கவில்லை: ஒரு பத்திரச் சரிபார்ப்பு சேவை பற்றிய மதிப்புரை

மனை வாங்கப் போகிறேன் என்று நம் ஊரில் யாரிடம் சொன்னாலும், எந்த ஊர், சதுர அடி என்ன விலை என்ற இரண்டு கேள்விகளுக்குப் பிறகு மூன்றாவதாக வருவது "லீகல் பார்த்தாச்சா?" என்பதுதான். கேட்பவருக்கும் சரி, பதில் சொல்பவருக்கும் சரி, லீகல் பார்ப்பது என்றால் எதையெதைப் பார்ப்பது என்பது பெரும்பாலும் தெளிவாக இருப்பதில்லை. சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பார்த்தாயிற்று என்பவர்கள் உண்டு. விற்பவரே கொடுத்த வழக்கறிஞர் கருத்துரையின் ஜெராக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாயிற்று என்பவர்களும் உண்டு. 2009-இல் மதுராந்தகத்துக்கு அப்பால் 1,200 சதுர அடி மனையை 1,80,000 ரூபாய்க்கு வாங்கியபோது நான் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவனாக இருந்தேன். அது 'பஞ்சாயத்து அப்ரூவல்' மனை. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் நகர் ஊரமைப்புத் துறைக்கும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கும் உரியது என்பதும், ஊராட்சித் தலைவர் போட்ட கையெழுத்துக்கு அந்த மதிப்பு கிடையாது என்பதும், 2016 செப்டம்பர் 9 அன்று அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் எனக்கு உறைத்தன. ஏற்கெனவே மனையாகப் பதிவானவற்றை மறுபடி விற்கப் பின்னர் வழி திறந்தது என்றாலும், வரன்முறை செய்யாத மனைக்கு வங்கிக் கடனும் கிடைக்காது, கட்டட அனுமதியும் கிடைக்காது. 2017-ஆம் ஆண்டு வரன்முறைத் திட்டத்தில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, உத்தரவைக் கையில் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அதனால்தான் சென்ற ஆண்டு தொடக்கத்தில் அடுத்த முதலீட்டுக்கு இறங்கியபோது, காசு கொடுத்து முறையாகப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். நான் போனது, தாம்பரத்தை அடுத்த புறநகர் ஒன்றில் இரண்டு வழக்கறிஞர்களும் ஓய்வுபெற்ற பதிவுத் துறை எழுத்தர் ஒருவரும் சேர்ந்து நடத்தும் பத்திரச் சரிபார்ப்பு அலுவலகத்துக்கு. ஒரு சொத்துக்கு 9,500 ரூபாய், பத்து வேலை நாள், எழுத்து வடிவிலான சட்டக் கருத்துரை, அரை மணி நேர நேர்முக விளக்கம் என்பது அவர்கள் விற்கும் தொகுப்பு. சான்றிட்ட நகல்களுக்கான அரசுக் கட்டணமும், வேண்டுமென்றால் சர்வேயரை இடத்துக்கு அனுப்ப 4,500 ரூபாயும் தனி. இதே வகைத் தொகுப்பைச் சென்னையைச் சுற்றிப் பல அலுவலகங்கள் ஏறத்தாழ இதே வடிவத்தில் விற்கின்றன என்பதால், பெயரைவிட அவர்கள் செய்கிற வேலையின் தன்மையே படிப்பவர்களுக்குப் பயன்படும். இரண்டு சொத்துகளுக்கு இவர்களைப் பயன்படுத்தினேன். ஒன்றை வாங்கவில்லை, மற்றொன்றை வாங்கினேன்.

முதலாவது, செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு குடும்பத்தின் பூர்வீக நிலத்திலிருந்து பிரித்துக் கொடுப்பதாகச் சொன்ன 11 சென்ட் புன்செய். தரகர் கொண்டுவந்து கொடுத்த காகிதங்கள் பார்வைக்குக் கச்சிதமாக இருந்தன. விற்பவர் பெயரில் பட்டா இருந்தது. முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றில் ஒரு வரிகூட இல்லை. விற்பவரின் வழக்கறிஞர் 1994-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைப் பத்திரத்தை மூல ஆவணமாகக் கொண்டு உரிமை தெளிவாக உள்ளது என்று இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். என் அலுவலகத்தார் அந்த இரண்டு பக்கத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. மாறாக, பதினான்கு ஆவணங்கள் கொண்ட ஒரு பட்டியலைக் கொடுத்து இவையெல்லாம் வேண்டும் என்றார்கள். அதில் விற்பவருடைய தந்தையின் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இருந்தன. தரகர் முகம் சுளித்தார். "பட்டாவே அவர் பேர்லதான் இருக்கு, அப்பாவோட வாரிசுச் சான்று எதுக்கு சார்?" என்று கேட்டவர், அதைத் தருவிப்பதற்குள் இரண்டு வாரத்தைக் கடத்திவிட்டார்.

கருத்துரை தயாரானதும் நேர்முக விளக்கத்துக்குப் போனேன். மூத்த வழக்கறிஞரான அம்மையார் மேசையின் ஒரு பக்கத்தில் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் சான்றிட்ட நகலையும், மறுபக்கத்தில் 1991-இல் வட்டாட்சியர் அலுவலகம் வழங்கிய வாரிசுச் சான்றையும் வைத்திருந்தார். வாரிசுச் சான்றில் மனைவி, மூன்று மகன்கள், ஒரு மகள் என ஐந்து பெயர்கள். பாகப்பிரிவினையில் தாயும் மூன்று மகன்களும் என நான்கு பேர் மட்டும். ஐந்தாவது பெயரின் கீழ்ப் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, "இந்தப் பொண்ணு எங்கே சார் போச்சு?" என்று கேட்டார். விற்பவரைக் கைபேசியில் அழைத்தோம். அவர் தயங்காமல், "தங்கச்சிக்கு 92-லேயே கல்யாணம் ஆயிடுச்சு, செய்ய வேண்டிய சீர் எல்லாம் செஞ்சாச்சு, அவ ஒண்ணும் கேட்க மாட்டா" என்றார். அழைப்பைத் துண்டித்த பிறகு அம்மையார் சொன்ன பதிலை நான் மறக்கவில்லை: "சீர் செஞ்சது பத்திரத்துல வராது சார்."

விஷயம் இதுதான். 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம், அந்த நாளில் மணமாகாமல் இருந்த மகளுக்கு இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்கு இணையான பிறப்புரிமையைக் கொடுத்தது. இந்தத் தங்கைக்கு 1992-இல்தான் திருமணம். ஆகவே 1994-இல் அவரை விட்டுவிட்டு எழுதிய பாகப்பிரிவினை அவர் பங்கைக் கட்டுப்படுத்தாது. பூர்வீகச் சொத்து இல்லை, தந்தை சுயமாகச் சம்பாதித்தது என்று வாதிட்டாலும், உயில் எழுதாமல் இறந்தவரின் மகள் 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின்படி முதல் வகுப்பு வாரிசு என்பதால் அந்த வழியிலும் பங்கு உண்டு. மகள்களின் உரிமை என்றவுடன் நம்மில் பெரும்பாலோர் 2005-ஆம் ஆண்டு மத்தியத் திருத்தத்தைத்தான் நினைக்கிறோம். அந்தத் திருத்தம் 2004 டிசம்பர் 20-க்கு முந்தைய பதிவு பெற்ற பாகப்பிரிவினைகளைத் தொடாது என்று விற்பவரின் வழக்கறிஞர் நினைத்திருக்கக்கூடும். தமிழ்நாட்டில் அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே கதவு திறந்துவிட்டது என்பதை நானும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அதைவிட என்னை யோசிக்க வைத்தது முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று. 2025-இல் முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கம் போட்டால் அது 1995-இல் தொடங்கும். சிக்கலான பத்திரம் 1994-ஆம் ஆண்டுப் பத்திரம். சான்றில் ஒரு வரிகூட இல்லாததை நான் சுத்தம் என்று படித்தேன். அவர்கள் அதைக் கேள்வி கேட்க வேண்டிய இடமாகப் படித்தார்கள். அதே கருத்துரையில் இன்னொன்றும் இருந்தது. எனக்குக் கொடுக்கப்பட்ட சான்று 84/3பி என்ற உட்பிரிவு எண்ணுக்குப் போட்டது. உட்பிரிவு செய்வதற்கு முந்தைய தாய் எண்ணான 84/3-க்கு இவர்கள் தனியாகப் போட்டுப் பார்த்ததில், பழைய அடமானக் கடன் ஒன்று, அடைத்ததற்கான ரசீதுப் பத்திரம் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கத்தை எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம் என்பது பெரிய வசதிதான்; ஆனால் நாம் எந்த எண்ணைக் கொடுக்கிறோமோ அந்த எண்ணுக்குத்தான் பதில் வரும்.

தங்கையிடம், தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் வாங்கித் தந்தால் தொடரலாம் என்று கருத்துரை முடிந்திருந்தது. தங்கை கேட்க மாட்டார் என்று சொல்லப்பட்டதற்கு மாறாக, மிக நியாயமாகவே கேட்டார். அண்ணன்மார்களுக்குள் பேச்சு முற்றியதும் நான் விலகிக்கொண்டேன்.

இங்கேதான் சேவையின் மீது எனக்குள்ள முதல் குறை. அவர்களிடம் போவதற்கு முன்பே தரகரின் அவசரத்தில் 50,000 ரூபாய் டோக்கன் கொடுத்திருந்தேன். முதல் நாள் அறிமுகப் பேச்சிலேயே அதை அவர்களிடம் சொன்னேன். டோக்கன் கொடுத்தாயிற்று என்றால், லீகல் சரியில்லாத பட்சத்தில் பணம் திரும்ப வர வேண்டும் என்று ஒரு கடிதமாவது எழுதி வாங்குங்கள் என்று அன்றைக்கே ஒருவர் சொல்லியிருக்கலாம். அது எங்கள் தொகுப்பில் இல்லை என்பது பின்னால் கிடைத்த பதில். தரகர் ரொக்கமாகக் கேட்டதை மறுத்து வங்கி வழியாக அனுப்பியிருந்தேன். அந்த ஒரு புத்திசாலித்தனத்தால்தான் ஐந்து மாதம் கழித்து இரண்டு தவணையில் பணம் திரும்பியது. அசையாச் சொத்துக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது, வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதமாகலாம் என்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை. ஆதாரம் வேண்டும் என்ற பயம் மட்டுமே இருந்தது.

பத்து வேலை நாள் என்ற வாக்குறுதியும் நிற்கவில்லை. முதல் சொத்துக்கு வாரிசுச் சான்று தாமதமானதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் பதினேழு நாள் ஆயிற்று. இரண்டாவதற்கு இருபத்து மூன்று. பழைய ஆவணங்களின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும் என்பது உண்மைதான். அப்படியானால் விளம்பரத்தில் பத்து நாள் என்று போடாமல் இருக்கலாம். விற்பவர் வேறொருவரிடம் பேரம் பேசிவிடுவாரோ என்ற பதற்றத்தில் இருக்கும் சிறு முதலீட்டாளனுக்கு ஒவ்வொரு நாளும் தரகரின் ஒரு அழைப்பு.

இரண்டாவது சொத்து, நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதலும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவும் பெற்ற மனைப்பிரிவில், முதல் உரிமையாளரிடமிருந்து மறுவிற்பனைக்கு வந்த 1,200 சதுர அடி மனை. இதற்கு அவர்கள் கொடுத்த பதினெட்டுப் பக்கக் கருத்துரையை இன்னமும் நல்ல வேலை என்றே சொல்வேன். மனைப்பிரிவின் சாலைகளையும் பொது இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுத்த பத்திரத்தின் எண்வரை தேடி எடுத்திருந்தார்கள். தாய்ப் பத்திரத்தின் செக்குபந்தி எனப்படும் நான்கெல்லை விவரத்தையும், சர்வே வரைபடமான புலப்படத்தையும் மனைப்பிரிவு வரைபடத்தையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்து, 'கிழக்கே வாய்க்கால்' என்று பழைய பத்திரத்தில் இருந்தது புதிய பத்திரங்களில் 'கிழக்கே பொது வழி' என்று மாறியிருப்பதைச் சுட்டி, என் மனை அந்த ஓரத்தில் இல்லை, ஆனால் அந்த ஓர வரிசை மனைகளை வாங்காதீர்கள் என்று எழுதியிருந்தார்கள். அலுவலகத்து ஓய்வுபெற்ற எழுத்தர் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு 1968-ஆம் ஆண்டுக் கையெழுத்தைப் படித்துக் காட்டியதைப் பார்த்தபோது, இதற்குத்தான் காசு கொடுக்கிறோம் என்று தோன்றியது. எந்த இணையதளமும் இந்த வேலையைச் செய்து தராது.

விற்பவர் 2019-இல் இந்த மனையின் மீது கடன் வாங்கியபோது பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்ததற்கான ஆவணம் வில்லங்கத்தில் ஏறியிருந்தது. 2024-இல் கடனை அடைத்தும், அதற்கான ரசீது ஆவணம் ஏறவில்லை. கடன் முடிந்த முப்பது நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பிக் கொடுத்து, பதிவான பொறுப்பையும் நீக்க வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் விதித்தது; அது அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. அந்த விதியை மேற்கோள் காட்டி விற்பவர் அனுப்புவதற்கான கடிதத்தை இவர்களே எழுதிக் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் ரசீது பதிவாகிவிட்டது. டோக்கன் விஷயத்தில் தொகுப்பில் இல்லை என்றவர்கள் இந்தக் கடிதத்துக்குத் தனியாக எதுவும் வாங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கருத்துரையில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம், வில்லங்கச் சான்றில் வராதவை என்ற தலைப்பிட்ட ஏழாம் பக்கம். நடந்துகொண்டிருக்கும் சிவில் வழக்கு தானாக வில்லங்கத்தில் வராது. அதற்காக நீதிமன்றங்களின் இணையதளத்தில் விற்பவர் பெயரையும் அவருக்கு முந்தையவர் பெயரையும் இரண்டு மூன்று எழுத்து வடிவங்களில் தேடியிருந்தார்கள். பதிவு செய்யாத உயில் வராது. பதிவாகாமல் பத்திரத்தை மட்டும் ஒப்படைத்து வாங்கிய பழைய கடன் வராது; அதற்கு வங்கிகளின் பிணையங்களைப் பதியும் செர்சாய் மையப் பதிவகத்தில் சொற்பக் கட்டணம் கட்டித் தேடியிருந்தார்கள். இடத்தில் யார் குடியிருக்கிறார், யார் மாடு கட்டுகிறார் என்பதெல்லாம் எந்தக் காகிதத்திலும் வராது. பதிவு என்பதே உரிமைக்கு உத்தரவாதம் இல்லை என்பதையும் அங்கேயே எழுதியிருந்தார்கள்: எழுதிக் கொடுப்பவருக்கு உரிமை உண்டா என்று தீர்மானிக்கும் அதிகாரம் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் பதிவு அலுவலருக்கு இல்லை என்று, தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் 55-ஏ(1)-ஐச் செல்லாததாக்கிய 2025 ஏப்ரல் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சார்பதிவாளர் முத்திரை குத்திவிட்டார், இனி யாரும் அசைக்க முடியாது என்று நம்பும் என் போன்றவர்கள் இந்த ஒரு பக்கத்தையாவது படிக்க வேண்டும்.

அதே கருத்துரையின் கடைசிப் பக்கம், எமக்கு அளிக்கப்பட்ட நகல்களின் அடிப்படையில் மட்டுமே, இட ஆய்வு செய்யப்படவில்லை, எந்த இழப்புக்கும் பொறுப்பில்லை என்று பத்து வரியில் எல்லாவற்றையும் உதறுகிறது. வழக்கறிஞர் தொழிலில் இது வழக்கம்தான் என்றாலும், இடத்தைப் பார்ப்பதைக் கூடுதல் கட்டணத்துக்கு உரிய விருப்பமாக வைத்திருப்பது எனக்கு ஏற்பில்லை. நான் 4,500 கட்டிச் சர்வேயரை வரவழைத்தேன். பக்கத்து மனைக்காரரின் வேலிக்கல் அரை அடி உள்ளே நின்றதை அவர்தான் கண்டுபிடித்தார். பத்திரம் பதியும் முன்பே கல் நகர்ந்தது. பதிந்த பிறகு தெரிந்திருந்தால் அது என் வழக்கு.

இப்போது பணத்துக்கு வருகிறேன். இந்தச் சேவை பற்றி எழுத உட்காரக் காரணமே இதுதான். மனையின் பேசிய விலை சதுர அடிக்கு 1,200 வீதம் 14,40,000 ரூபாய். விற்பவருக்கு அவசரம் என்பதால் சந்தையைவிடக் குறைவாகக் கிடைத்தது என்று மகிழ்ந்திருந்தேன். பதிவுக்காக அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்போ அந்தத் தெருவில் சதுர அடிக்கு 1,500. ஆக, பதிவுக்கு மனையின் மதிப்பு 18,00,000. முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, இரண்டும் சேர்ந்து 1,62,000 ரூபாய். நான் பேசிய விலைக்குக் கணக்குப் போட்டு வைத்திருந்தது 1,29,600. இந்த 32,400 ரூபாய் அதிகம் என்பதைப் பத்திரம் எழுதுபவர் பதிவுக்கு முந்தைய நாள்தான் சொன்னார்; நகையை அடகு வைத்துச் சமாளித்தேன். மனைவி பெயரில் வாங்கினால் ஒரு விழுக்காடு குறையும் என்று தரகர் உற்சாகமாகச் சொன்னது வேறு. 2025 ஏப்ரல் முதல் வந்த அந்தச் சலுகை 10 லட்சம் வரையிலான சொத்துகளுக்குத்தான்.

அடி அதோடு நிற்கவில்லை. வழிகாட்டி மதிப்பைவிடக் குறைந்த விலைக்கு வாங்கினால், அந்த வித்தியாசம் 50,000 ரூபாயையும் விலையின் பத்து விழுக்காட்டையும் தாண்டும்போது, வித்தியாசம் முழுவதும் வாங்குபவரின் வருமானமாகக் கருதப்பட்டு வரி விதிக்கப்படும். என் விஷயத்தில் விலையின் பத்து விழுக்காடு 1,44,000; வித்தியாசம் 3,60,000. இருபது விழுக்காட்டு அடுக்கில் இருப்பவருக்கு மேல்வரியோடு சேர்த்து 74,880 ரூபாய். விற்பவருக்கும் மூலதன ஆதாயக் கணக்கில் 18 லட்சத்துக்கு விற்றதாகவே எடுத்துக்கொள்வார்கள். மலிவாக வாங்கியதற்கு வரி என்று என் தணிக்கையாளர் சொன்னபோது முதலில் நம்பவே முடியவில்லை. வழிகாட்டி மதிப்பு சந்தை நிலவரத்துக்கு மேல் இருக்கிறது என்று சொல்லி, வருமான வரித் துறையின் மதிப்பீட்டாளரிடம் அனுப்பக் கோரலாம். மதிப்பு பின்னால் ஏறியிருந்தால், முன்பணத்தை வங்கி வழியாகக் கொடுத்திருக்கும் பட்சத்தில், ஒப்பந்த நாளின் மதிப்பை எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். வழிகாட்டி மதிப்புகள் 2024 ஜூலை 1 முதல் திருத்தப்பட்டன. அதற்கு முன் ஒப்பந்தம் போட்டவர்களுக்கு அந்த வாய்ப்பு இருந்தது, எனக்கு இல்லை.

பதினெட்டுப் பக்கக் கருத்துரையில், மூன்றாம் பக்கத்தில், வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு 1,500 என்று அச்சிடப்பட்டிருக்கிறது. முதல் பக்கத்தில் விலை 14,40,000 என்றும் இருக்கிறது. இரண்டையும் ஒரே மனிதர் தட்டச்சு செய்திருக்கிறார். இரண்டுக்கும் இடையே உள்ள கணக்கை ஒரு வரியாக எழுதியிருந்தால் நான் பேரத்தை வேறு விதமாகப் பேசியிருப்பேன், குறைந்தபட்சம் நகையை அடகு வைக்காமல் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருப்பேன். கேட்டதற்கு, "அது ஆடிட்டர் வேலை சார், எங்களது டைட்டில் மட்டும்" என்றார் இளைய வழக்கறிஞர். சட்டப்படி அவர் சொன்னது சரி. ஆனால் பெரிய நிறுவனத்துக்கு வழக்கறிஞர் ஒருவர், தணிக்கையாளர் ஒருவர், மதிப்பீட்டாளர் ஒருவர் என்று மூன்று பேர் ஒரே மேசையில் உட்காருவார்கள். பதினைந்து லட்சத்துக்கு மனை வாங்குகிறவனிடம் ஒரே ஒரு கருத்துரைதான் இருக்கும், அதையே அவன் எல்லாவற்றுக்குமான பதில் என்று எடுத்துக்கொள்வான். இதைத் தெரிந்துதான் 'முழுமையான பாதுகாப்பு' என்று அவர்கள் தங்கள் துண்டுப் பிரசுரத்தில் அச்சிடுகிறார்கள்.

மதுராந்தகத்துப் பழைய மனையை விற்றுத்தான் இதில் ஒரு பகுதியைக் கட்டினேன் என்பதால் அதன் வரியும் சேர்ந்துகொண்டது. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலத்துக்கு, பணவீக்கச் சரிக்கட்டல் இல்லாமல் 12.5 விழுக்காடு, சரிக்கட்டலோடு 20 விழுக்காடு என்ற இரண்டில் குறைவானதைக் கட்டலாம். 1,80,000-க்கு வாங்கி 9,00,000-க்கு விற்றதில் முதல் வழியில் 90,000, இரண்டாவது வழியில் ஏறத்தாழ 88,500, இரண்டிலும் மேல்வரி தனி. பதினாறு ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் இரண்டு வழியும் ஒரே இடத்தில் கொண்டுபோய் விட்டன. அந்த ஆதாயத்தை இன்னொரு மனையில் போட்டால் வரி விலக்கு உண்டு என்பது தரகர்கள் பரப்பும் கதை. வெறும் மனைக்கு விலக்கு இல்லை, மூன்று ஆண்டுக்குள் அதில் வீடு கட்டி முடித்தால்தான் உண்டு.

வங்கிக் கடனுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். இந்தக் கருத்துரையை வங்கி ஏற்காது. தன் பட்டியலில் உள்ள வழக்கறிஞரிடம் மறுபடி லீகல் பார்க்கும், அதற்கும் மதிப்பீட்டுக்கும் உங்களிடமே வசூலிக்கும். அதற்காக வங்கி பார்த்துவிட்டது, நமக்கெதற்கு என்றும் இருந்துவிட முடியாது. வங்கியின் வழக்கறிஞர் பார்ப்பது வங்கியின் கடன் திரும்புமா என்பதை. மனைக் கடன் வட்டிக்கு, வீடு கட்டும் வரை வருமான வரியில் எந்தச் சலுகையும் கிடையாது என்பதும் மாதத் தவணை தொடங்கிய பிறகே பலருக்குத் தெரிகிறது.

ஒழுங்குமுறை ஆணையம் பற்றிய பகுதி கருத்துரையில் ஒரே வரி: பதிவு எண் இன்னது. அதைக் கொண்டு ஆணையத்தின் இணையதளத்தில் ஒப்புதல் வரைபடத்தையும் மனைகளின் எண்ணிக்கையையும் நானே சரிபார்த்தேன். நிலப்பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டாத, அல்லது எட்டு வீடுகளுக்கு மிகாத திட்டங்களுக்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பதிவு தேவையில்லை. 500 சதுர மீட்டர் என்பது இரண்டேகால் கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவு. ஒரே நிலத்தைத் துண்டு துண்டாக அந்த வரம்புக்குள் காட்டி விற்பவர்களிடம் மாட்டுவது சிறு முதலீட்டாளர்கள்தான். பதிவு பெற்ற திட்டமென்றால், விற்பனை ஒப்பந்தம் பதியாமல் விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் கட்டுமான நிறுவனம் வாங்க முடியாது. சொன்னபடி ஒப்படைக்காவிட்டால் பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். புதிய திட்டங்களில் வாங்குகிறவர்களுக்கு இவற்றை விளக்கும் ஒரு பக்கத்தை இவர்கள் சேர்க்க வேண்டும்.

வாடகை ஒப்பந்தம் எழுதும் சேவையையும் 2,000 ரூபாய்க்கு விற்கிறார்கள். நண்பர் ஒருவருக்காகப் பயன்படுத்தியதில் குறை எதுவும் இல்லை. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது, ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பிடம் தொண்ணூறு நாளுக்குள் பதிய வேண்டும் என்ற 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளை ஒழுங்காக எழுதிக் கொடுத்தார்கள். பத்து மாத அட்வான்ஸ் என்ற சென்னை வழக்கத்தில் ஊறிய நண்பருக்குத்தான் மனசு ஆறவில்லை.

இதையெல்லாம் நாமே செய்துகொள்ள முடியாதா என்றால், பாதியைச் செய்யலாம். வில்லங்கம், பட்டா, நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேடு, புலப்படம், வழிகாட்டி மதிப்பு, வழக்கு விவரம் எல்லாம் இணையத்தில் கிடைக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அ-பதிவேட்டில் நிலம் புறம்போக்கு, அனாதீனம், கோயில் இனாம் என்று இருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டு 9,500 ரூபாயை மிச்சப்படுத்தலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் இந்த மாவட்டத்தில் நிறைய உண்டு. மற்றவர் பெயருக்கு அதை எழுதி வாங்கிய பத்திரம் செல்லாது, வாங்கவும் கூடாது. இவ்வளவையும் தாண்டி வந்த சொத்துக்கு, பழைய பத்திரங்களை வரிசைப்படுத்தி, யார் விடுபட்டார் என்று கண்டுபிடிக்கும் வேலைக்கு அனுபவமுள்ள கண் வேண்டும். அந்தக் கண் இந்த அலுவலகத்தில் இருக்கிறது. கருத்துரையின் சட்டப் பகுதிக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், கால அட்டவணைக்கு இரண்டு, பணக் கணக்குக்குப் பூஜ்யம்.

சென்ற வாரம் அச்சிறுபாக்கம் பக்கம் இன்னொரு மனை விலைக்கு வந்தது. காகிதங்களை இவர்களிடமே கொடுத்திருக்கிறேன். வழிகாட்டி மதிப்பையும் பேசிய விலையையும் தனித்தாளில் எழுதி அன்று மாலையே தணிக்கையாளருக்கு அனுப்பிவிட்டேன். தரகர் இன்று காலையிலிருந்து மூன்று முறை டோக்கனுக்காக அழைத்துவிட்டார். சான்றிட்ட நகல் வந்தபின் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.